சிறுநீர்ப்பைக்குள் ஒரு கேமரா

அந்த வருஷம் திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். மலையில் தீபம் ஏற்றுவதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூடம், மாடி, மாடிப்படி என்று கிடைத்த இடத்திலெல்லாம் பாய் விரித்திருந்தார்கள். நான் மட்டும் பின்னால் விறகு போட்டு வைக்கிற அறையில், ஒரு தட்டு, ஒரு சொம்போடு தனியாக உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன். உண்மையில் என் முட்டி இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

விஷயம் வேறு. அன்று காலையில் ஒன்றுக்குப் போனபோது சிவப்பாகப் போயிற்று. எனக்கு மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இந்த வயதில், போனது திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் அடுப்படிக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் போகமாட்டோம். பழக்கம் விடுமா? யாரிடமும் சொல்லாமல் நானே தள்ளி உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கோயில் கோபுர வாசலுக்குப் பக்கத்தில், சாமி கும்பிட வருகிறவர்களின் செருப்பை டோக்கன் கொடுத்து வாங்கி வைக்கிற கடை போட்டிருந்தார். தீபத்தன்று அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மத்தியானம் ஒரு வாய் சாப்பிட ஓடி வந்தவர், என்னை விறகுக்கு நடுவில் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்மே, எங்க அக்கா வந்தது புடிக்கலன்னா நேரா சொல்லு. முட்டி மேல ஏன் பழி போடற?"

"அய்ய, அதெல்லாம் ஒன்னுமில்ல."

"பின்ன இன்னா? பொடவ எடுத்துக் குடுக்கலன்னு கோவமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூச்சத்தில் திருப்பினேன், அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார். திரும்பிப் போகிற அவசரத்திலும் ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நன்றாக இருந்தது. தின்றேன்.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தை மாதம் மறுபடி வந்தது. மறுபடி விறகு அறை, மறுபடி முட்டிவலி, மறுபடி பஜ்ஜி. மாசியிலும் அப்படியே. வலி என்று ஒன்று இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன். வலியே இல்லை.

கண்டுபிடித்தவள் என் மருமகள். அவள் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற பக்கத்தில், ஒரு டெலிபோன் பூத்தில் வேலை பார்த்தாள். யாரிடமும் எதையும் கூசாமல் கேட்பாள். எனக்கு நேர் எதிர். மாசியில் ஒரு நாள் குழம்புக்கு நான் அடுப்படிக் கதவுக்கு வெளியே தட்டை நீட்டிக்கொண்டு நின்றபோது கேட்டாள்.

"அத்த, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க தள்ளி உக்காந்துகீறீங்கன்னு எனக்குத் தெரியும். முட்டிவலின்னு மாமாகிட்ட சொல்லுங்க, என்கிட்ட வேணாம். ஆனா ரெண்டு நாளா பாக்கறேன், கொடியில ஒரு துணி கூட காயலயே?"

"துணிக்கு வேலையே இல்லடி. ஒன்னுக்குப் போறப்ப மட்டும்தான் செவப்பா போவுது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அத்த! அப்ப அது ஒன்னுக்கு வர்ற வழியில வருது. மாசாமாசம் வர்றது வேற வழி. ரெண்டும் வேற வேற."

நான் மூன்று பிள்ளை பெற்றவள். வழி இரண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூணு தடவயும் தீட்டே இல்லாத தீட்டுக்கு ஒக்காந்துகினு இருந்தீங்களா?" என்று கேட்டாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். மறுநாள் பூத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னை லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் சோதித்துவிட்டு, ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதினார்.

ஸ்கேன் என்பது அப்போது எங்கள் ஊருக்குப் புதிது. கர்ப்பிணிகளுக்குத்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்துக்குப் போனால் பெஞ்சில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சின்னப் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தாள் மருமகள். ஒரு பெண் என் வயிற்றைப் பார்த்தாள், என் தலை நரையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தள்ளி இடம் விட்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றுக்குப் போகக் கூடாது, மூத்திரப் பை நிரம்பினால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றாள் அங்கிருந்த பெண். சொம்பு சொம்பாகக் குடித்தேன். என் முறை வருகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து ஓடினார்கள், திரும்பி வந்து முதலிலிருந்து தண்ணீர் குடித்தார்கள், மறுபடி ஓடினார்கள். நான் அசையவில்லை. நான் பிறந்த கிராமத்தில் பெண்கள் இருட்டினால்தான் வெளியே ஒதுங்க முடியும். சின்ன வயதிலிருந்து பழகிய அடக்கம். அதில் யாரும் என்னை ஜெயிக்க முடியாது.

"பாட்டி, முடியலன்னா போயிட்டு வாங்க. மறுபடி குடிச்சிக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

நான் மருமகள் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் அதை அப்படியே உரக்கச் சொன்னாள். "எங்க அத்த அடக்கிக்கினு இருக்கறாங்களாம், நீங்க கரண்ட்ட வரச் சொல்லுங்கன்றாங்க!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன்.

கரண்ட் வந்தது. அடிவயிற்றில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, இஸ்திரி பண்ணுகிற மாதிரி ஒன்றைத் தேய்த்தார் ஸ்கேன் டாக்டர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பை நல்லா ரொம்பிகீது, சூப்பரா தெரியுது" என்று பாராட்டினார். அப்புறம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். சுண்டைக்காய் அளவில் ஒன்று பைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், வேலூர் போய்க் காட்டுவது நல்லது என்றும் மருமகளிடம் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது அவள் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"புத்துநோயா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்னு போட்டுகீறாங்க அத்த. இருக்கலாம்தான். இருக்குன்னு இல்ல."

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் அடுப்படியில் நின்றேன். அவர் ரொம்ப நேரம் கழித்து வந்து, "அப்ப மூணு தடவ வாங்கின பஜ்ஜி வேஸ்ட்டா?" என்றார். அவருக்கு அழுகை வந்தால் இப்படித்தான் ஏதாவது சொல்வார்.

வேலூரில் எங்களைப் பார்த்த டாக்டர் என் மகன் வயதுக்காரர். எடுத்த எடுப்பில், "அம்மா, பீடி சுருட்டு புடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லீங்க."

"வீட்ல வேற யாராவது?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. டாக்டர் பார்த்துவிட்டார்.

"ஐயா, பையில இன்னா?"

"தீப்பெட்டிங்க."

"தீப்பெட்டி மட்டுமா?"

அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். டாக்டர், "அதனாலதான் வந்துதுன்னு சொல்ல மாட்டேன். காரணமே தெரியாம வர்றவங்களும் உண்டு. ஆனா அது உங்களுக்கும் நல்லதில்ல, அவங்களுக்கும் நல்லதில்ல" என்றார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பீடிக்கட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். தீப்பெட்டியையும் போட்டார். கொஞ்சம் நடந்தவர் திரும்பிப் போய்த் தீப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். "இது அடுப்புக்கு ஆவும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பீடியைத் தொடவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு வருகிற வழியாகவே மெல்லிய குழாயை விடுவார்கள். அதன் முனையில் வெளிச்சமும் கேமராவும் இருக்கும். உள்ளே இருப்பது டிவியில் தெரியும். அதே குழாய் வழியாக ஒரு கம்பி வளையத்தை விட்டு, அதில் கரண்ட்டைப் பாய்ச்சி, இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். "முன்னல்லாம் நாங்க ஒத்தக் கண்ண வெச்சு, குனிஞ்சு குனிஞ்சு குழாய்க்குள்ள பாப்போம். இப்ப நிமிர்ந்து நின்னு டிவியில பாக்கறோம்" என்றார். அவருக்கு அதில் பெருமை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நோயினால் இல்லை. ஆண்பிள்ளை முன்னால் அப்படி ஒரு நிலையில் படுப்பதை நினைத்து. பொம்பளை டாக்டர் இல்லையா என்று மருமகளைக் கேட்கச் சொன்னேன். இந்த வைத்தியத்துக்கு இங்கே இல்லை, ஆனால் நர்ஸம்மா கூடவே இருப்பார், துணி போட்டு மூடித்தான் செய்வோம் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி நடையில் நான் நகரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மருமகள் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த, எங்க பூத்துல தெனம் எத்தனயோ பேர் வெளிநாட்டுக்குப் பேசி அழுவறாங்க. நான் அவங்க மூஞ்சியப் பாக்கறதே இல்ல. மீட்டர் எவ்ளோ ஓடுதுன்னுதான் பாக்கறேன். அந்த மாதிரிதான் இவரும். உங்கள எங்க பாக்கப் போறாரு? டிவியத்தான் பாப்பாரு."

தூணை விட்டேன்.

முதுகில் ஓர் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் யாருடையதோ போல ஆகிவிட்டது. "அம்மா, டிவி இந்தப் பக்கம் கீது. பாக்கறதுன்னா பாருங்க" என்றார் டாக்டர். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் அவர்களுக்கும் நான் தெரியமாட்டேன் என்பது போல. ஏதோ தண்ணீர் சலசலப்பது கேட்டது. அவர்கள் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டார்கள். முடிந்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வந்து குவிந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தது என் நாத்தனார்.

"எத்தினி தையலு?"

"தையலே இல்ல அண்ணி."

"தையல் இல்லாம ஆப்ரேசனா? எங்க, வயித்தக் காட்டு."

"வயித்துல ஒன்னுமே பண்ணலீங்க."

"பின்ன எந்தப் பக்கமா எடுத்தாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுப்படியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "ஒன்னுக்கு வர்ற வழியாவே உள்ள போயி, அப்டியே திரும்பி வந்துட்டாங்க, பெரியம்மா!"

நாத்தனார் மோவாயில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நம்பவே இல்லை. டிக்கெட் வாங்கியும் படம் பார்க்காமல் திரும்புகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

நாங்கள் இவ்வளவு சிரிப்பாக இருந்ததெல்லாம் சுரண்டி எடுத்ததன் சோதனை முடிவு வருகிற வரைக்கும்தான். புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. டாக்டர் ஒரு காகிதத்தில் பலூன் மாதிரி வரைந்து காட்டினார். நோய் பலூனின் உள்தோலில் முளைத்து, கொஞ்சம் கீழே எட்டிப் பார்த்திருக்கிறது. நல்லவேளை, சதைக்குள் இறங்கவில்லை. ஆனால் முரட்டு ஜாதி, திரும்பத் திரும்ப முளைக்கும். அதனால் வாரம் ஒரு தடவை, ஆறு வாரம், பைக்குள்ளேயே ஒரு மருந்து விடுவோம். மூன்று மாதம் கழித்துக் கேமராவில் பார்ப்போம். அப்போதும் அது பிடிவாதமாக முளைத்து ஆழமாகப் போகிற மாதிரி இருந்தால், பையையே எடுத்துவிட வேண்டியதுதான்.

"எடுத்துட்டா ஒன்னுக்கு?" என்று மருமகள் கேட்டாள்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். வயிற்றில் சின்னதாக ஒரு வாய் வைத்து, இந்தப் பையை அதன்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதோடு நன்றாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்றார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கோயில் வரிசையில் நெருக்கும்போது, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்காரும்போது, அந்தப் பை புடவைக்குள் களக் களக்கென்று ஆடுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், சாவைவிட எனக்கு அந்தப் பையிடம்தான் பயம். என் பை உள்ளேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விடப்போகிற மருந்தைப் பற்றிக் கேட்டதும் இன்னும் ஆச்சரியமாகிவிட்டது. பிறந்த குழந்தைக்குக் கையில் குத்துவார்களே, காசநோய் வராமல் இருக்க, அந்த மருந்தாம். பேத்தியின் கையில் தழும்பு இருக்கிறது.

"அத இங்க விட்டா இன்னா ஆவும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"உடம்புல போலீஸ் மாதிரி சில அணுக்கள் இருக்கு. இந்த நோய் பக்கத்துலயே இருந்தாலும் கண்டுக்காம நிக்கும். இந்த மருந்து உள்ள போச்சுன்னா, புதுசா யாரோ வந்துட்டாங்கன்னு எல்லாம் எழுந்து ஓடி வரும். வந்த வேகத்துல இதையும் சேத்து அடிச்சிடும்."

"தீபத்துக்கு வெளியூர் போலீஸ் எறக்கற மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அவர். டாக்டர் சிரித்துவிட்டார். "கரெக்ட்டுங்க. இனிமே நானே எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லப் போறேன்."

அப்படி ஆரம்பித்தது வாராவாரம் வேலூர். ஸ்கேனுக்குத் தண்ணீரைக் குடி குடி என்றார்கள். இதற்குக் காலையிலிருந்து குடிக்காதே என்றார்கள். மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்டு, குழாயை எடுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். சும்மா இல்லை. மருந்து பையின் எல்லாப் பக்கமும் படவேண்டும் என்பதற்காகக் கால் மணிக்கு ஒரு தடவை மல்லாந்து, இடது பக்கம், வலது பக்கம், குப்புற என்று திரும்பித் திரும்பிப் படுக்க வேண்டும்.

பெண்களுக்கு என்று ஒரு சின்ன அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. இந்த நோய் ஆண்களுக்குத்தான் ஜாஸ்தியாம், அதனால் பெண்கள் கம்மி. பக்கத்துக் கட்டிலில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாய் வீட்டு அம்மா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முதல் நாளே திரையை விலக்கிவிட்டார்.

"இன்னா அக்கா, வாய்க்குப் பூட்டா? பேசுங்க. பேசினாதான் நேரம் போவும்."

"இன்னா பேசறதுங்க?"

"எதுனா. மருமவளத் திட்டுங்க."

"அவ நல்ல பொண்ணுங்க."

"அட, அப்ப நான் என் மருமவளத் திட்டறேன். கேட்டுக்கினே திரும்புங்க."

அவர் திட்டினால் அது ஒரு நாடகம். மருமகள் பிரியாணியில் உப்பு போட்டதையும் போடாததையும் அப்படியே நடித்துக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "அம்மா, சிரிக்க வெக்காதீங்க, சிரிச்சா அடங்காது" என்று கெஞ்சுவேன். அடக்குவதில் ராணி என்று இருந்த எனக்கு, அந்த அறையில்தான் முதல் தடவையாகத் தோற்றுவிடுவேனோ என்று பயம் வந்தது.

நேரம் பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கால் மணி ஆனதும், கோபுர வாசலில் டோக்கன் நம்பர் கூவுகிற அதே குரலில், "திரும்பலாம்!" என்று ஒரு கூச்சல். வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்க வூட்டுக்காரு பஸ் கண்டக்டரா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லீங்க, கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கறாரு."

"அதானே பாத்தேன். நான் உள்ள வரப்ப என் செருப்ப ஒரு பக்கமா ஒதுக்கி ஜோடி சேத்து வெச்சாரு."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபிறகும் விடவில்லை. அந்த மருந்து உயிருள்ள கிருமி என்பதால், அன்றைக்கு ஒவ்வொரு தடவை போனபிறகும் கக்கூசில் பிளீச்சிங் கரைத்து ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாளியோடு கக்கூஸ் வாசலில் காவல் நிற்பார். "ஆச்சா? ஊத்தட்டுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "இன்னாக்கா, முனிசிபாலிட்டி ஆளுங்க நம்ம தெருவுக்கு வந்தாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

எல்லா வாரமும் சிரித்துக்கொண்டே போனது என்று சொன்னால் பொய். மூன்றாவது தடவைக்குப் பிறகு காய்ச்சல் அடித்தது. போகும்போதெல்லாம் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது. இந்தத் தடவை யாரும் கண்டுபிடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானே போய் நின்று, "ஒன்னுக்குப் போனா எரியுது, காய்ச்சலும் அடிக்குது" என்று சொன்னேன். அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். மருமகள் பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுநாளே வரச்சொல்லி, மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். போலீஸ் கொஞ்சம் அதிகமாகவே தடியடி நடத்திவிட்டது என்றார் டாக்டர்.

ஆறும் முடிந்தது. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்துப் போனேன். சிவப்பு இல்லை. ஆனாலும் மனசு நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் சின்னதாக முளைத்திருக்கலாம், அது கேமராவுக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்களே.

கேமரா வைத்துப் பார்க்கிற நாளும் வந்தது. போனால், ஆம்பூர் அம்மாவும் அன்றைக்கே வந்திருந்தார். அவரை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது புர்க்காவைச் சரி செய்துகொண்டே என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னாங்க சொன்னாங்க?"

"திரும்பவும் கொஞ்சம் மொளச்சிருக்காம். சொரண்டணும்னாங்க. சொரண்டட்டும், நான் இன்னா வெள்ளிப் பாத்திரமா, தேஞ்சி போவறதுக்கு?"

சிரித்தார். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவர் கை சில்லென்று இருந்தது. அவருக்கும் அதே மருந்து, அதே கட்டில், அதே திரும்பல். அவருக்கே முளைத்திருக்கிறது என்றால்?

"போங்க அக்கா, கூப்பிடறாங்க பாருங்க" என்று அவரே என்னை எழுப்பிவிட்டார்.

இந்தத் தடவை முதுகில் ஊசி இல்லை. மரத்துப்போக ஒரு பசை மட்டும்தான். குழாய் உள்ளே போவது தெரிந்தது. வழக்கம்போல் கண்ணை மூடினேன். மூடியதும் இருட்டில் அந்தப் பிளாஸ்டிக் பை வந்து நின்றது. அதைப் பார்ப்பதற்கு டிவியையே பார்க்கலாம் என்று கண்ணைத் திறந்துவிட்டேன்.

அது நான்தான் என்று நம்ப முடியவில்லை. ரோஜா நிறத்தில் ஒரு குகை. சுவரெல்லாம் அரச இலை நரம்பு மாதிரி மெல்லிய சிவப்புக் கோடுகள். டாக்டர் குழாயை மெதுவாகத் திருப்பத் திருப்ப, குகையும் திரும்பிக்கொண்டே வந்தது.

"அம்மா பாக்கறீங்களா? பாருங்க பாருங்க. இதோ வெள்ளையா தெரியுதே, அதான் அன்னிக்கு சொரண்டின எடம். நல்லா ஆறி தழும்பாயிடுச்சு."

"அது இன்னாங்க, மீன் வாய் மாதிரி?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"கிட்னியிலருந்து வர்ற குழாயோட வாய். கொஞ்சம் பாருங்க, இப்ப தொறக்கும்."

அந்தச் சின்ன வாய் திறந்தது. சர்ரென்று கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சியது. மூடிக்கொண்டது. இன்னொரு பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று. யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், இத்தனை வருஷமாக இது இப்படி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இன்னொரு தடவ தொறக்குமா?"

"நாள் பூரா தொறந்துக்கினே இருக்கும்மா" என்று நர்ஸம்மா சிரித்தார்.

டாக்டர் மூலை முடுக்கெல்லாம் தேடினார். ஒரு இடத்தில் நின்றார். தண்ணீர்க் குமிழி. நகர்ந்து போயிற்று. கடைசியில் குழாயை வெளியே எடுத்துவிட்டு, "ஒன்னும் இல்லம்மா, சுத்தமா இருக்கு. கழுவின தண்ணியையும் சோதனைக்கு அனுப்பறேன், ஆனா கண்ணுக்கு ஒன்னும் இல்ல. உங்க பை உங்ககிட்டயே இருக்கட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க. தண்ணி நெறைய குடிங்க, இனிமே அடக்கி வெக்கற வேலையெல்லாம் வேணாம்" என்றார்.

வெளியே வந்து ஆம்பூர் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "சபாஷ்!" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "அடுத்த தடவ நானும் அப்படித்தான் வருவேன், பாத்துக்கினே இருங்க." ஒரு சுரண்டல், இன்னொரு ஆறு வாரம் எல்லாம் ஆனபிறகு, அவர் சொன்னபடியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம், அதனால் இன்னொன்று. பஸ் ஏறியபிறகு ஜன்னல் வழியாக ஒரு பாட்டில் தண்ணீர். கண்ணமங்கலம் தாண்டியதுமே எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. அடக்குவது எனக்குப் பெரிய விஷயமில்லை, ஊர் வரைக்கும் வந்திருப்பேன். ஆனால் டிவியில் பார்த்த அந்த இரண்டு வாய்களும் விடாமல் பீய்ச்சிக்கொண்டே இருப்பது கண்ணுக்குள் வந்தது. பாவம், அவை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

போளூரில் பஸ் நின்றது. கண்டக்டர் அப்போதே அவசரப்பட்டார். நான் எழுந்து நேராக அவரிடம் போனேன்.

"தம்பி, நான் ஒன்னுக்குப் போயிட்டு வரணும். வண்டி நிக்கட்டும்."

"இப்பவே லேட்டும்மா. திருவண்ணாமல போனா போய்க்கலாம்ல?"

"போயிட்டு வரேன், நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பின்னால் என் வீட்டுக்காரர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, "அவங்க அடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு சார்!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் நாற்றம் சொல்லி முடியாது. கூரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெயிலில் பார்த்தேன். இளநீர் மாதிரியே தெளிவாகப் போயிற்று. எரிச்சல் கூட அவ்வளவாக இல்லை. வெளியே கண்டக்டர் விசில் ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். ஊதட்டும் என்று, கையைக் காலை நன்றாகக் கழுவிக்கொண்டு, நிதானமாக வந்து பஸ் ஏறினேன்.